எனக்கு ஆகுமா, ஆகாதா

பெண்கள் விடுதி, சென்னை
14-8-1955

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் சுகம், நீங்கள் சுகமா, நயினார்கோவிலில் அய்யாவும் ஆத்தாவும் சுகமா என்று வரிசையாகக் கேட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும். இன்றைக்கு அதற்குப் பொறுமை இல்லை.

நேற்று முதல் மாதத் தேர்வின் விடைத்தாள்களைக் கொடுத்தார்கள். எங்கள் கணித ஆனர்ஸ் வகுப்பில் பதினாறு பேர். பேராசிரியர் மேலிருந்து கீழாகப் பெயரையும் மதிப்பெண்ணையும் உரக்க வாசித்தார். பதினைந்து பெயர் முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்ப மாட்டிக்கொண்டு, "செவ்வந்தி, பதினொன்று" என்றார். நூற்றுக்குப் பதினொன்று. மதுரையில் இண்டர்மீடியட்டில் தொண்ணூற்றாறு வாங்கியவள் நான்.

வகுப்பு முடிந்ததும் கூப்பிட்டார்.

"ஊர் எது?"

சொன்னேன்.

"பள்ளிக்கூடத்துல தமிழ்லதானே படிச்சே?"

"ஆமா சார்."

"இது ஆனர்ஸ். மூணு வருஷம் கழிச்சு ஒரே ஒரு தேர்வு. தோத்தா ரெண்டாவது வாய்ப்புக் கிடையாது. சாதாரண பி.ஏ. பாஸ் கோர்ஸுக்குப் போயிடும்மா. அக்டோபர் பத்து வரைக்கும் வருஷம் வீணாகாம மாறிக்கலாம். உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அவர் கோபமாகப் பேசியிருந்தால் எனக்கு இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது. விலாசம் மாறி வந்த தபாலைத் திருப்பி அனுப்புகிறவர் மாதிரிப் பேசினார்.

கணக்குகளுக்கு விடை எனக்குத் தெரிந்துதான் இருந்தது. மூன்று வரியில் எழுதினேன். இங்கே ஒவ்வொரு அடிக்கும் ஏன், எதனால் என்று ஆங்கிலத்தில் வாதாட வேண்டும். மதுரையிலும் ஆங்கிலம்தான். ஆனால் அங்கே குறிப்பைத் தந்து மனப்பாடம் செய்யச் சொல்வார்கள். இங்கே குறிப்பே கிடையாது. பேராசிரியர் பேசிக்கொண்டே போவார். பிடிக்கத் தெரிந்தவர்கள் பிடித்துக்கொள்ள வேண்டும்.

நீங்கள் இதே வகுப்பில் ஒரு வருஷம் உட்கார்ந்தவர். மஞ்சள் காமாலை மட்டும் வராதிருந்தால் முடித்திருப்பீர்கள். உங்களை விட்டால் கேட்க எனக்கு ஆள் இல்லை. மறைக்காமல் எழுதுங்கள். இந்த இடம் எனக்கு ஆகுமா, ஆகாதா?

செவ்வந்தி


துறைமுக அலுவலகம், பாம்பன்
24-8-1955

தங்கை செவ்வந்திக்கு,

உன் கடிதம் வியாழக்கிழமை போட் மெயில் ரயிலில் வந்தது. நேராகக் கேட்டிருக்கிறாய். நேராகவே சொல்கிறேன். ஆகாது.

உனக்கு அறிவு குறைவு என்று நினைக்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதே. அந்தக் கல்லூரிக்கு என்று ஒரு பேச்சு இருக்கிறது. ஒரு நடை இருக்கிறது. கேள்வி கேட்க எழுந்திருக்கும்போது மேசையில் எப்படிக் கை வைக்க வேண்டும் என்பதுகூட இருக்கிறது. இதையெல்லாம் வீட்டிலேயே பழகிக்கொண்டு வருகிறவர்களுக்காக நடக்கிற இடம் அது. நாம் மிளகாய்க் காட்டிலிருந்து போனவர்கள். பாடத்தைப் படிப்பதற்குள் இதைப் படிக்கவே ஒரு ஆயுள் போய்விடும்.

மதுரையில் உன் பழைய கல்லூரிக்கு எழுதி விசாரித்துவிட்டேன். அங்கே ஆபீஸில் எனக்குத் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார். செப்டம்பர் முப்பதுக்குள் வந்தால் பி.ஏ. பாஸ் வகுப்பில் சேர்த்துக்கொள்வார்களாம். இரண்டே வருஷம். எழும்பூரில் மாலை வண்டி ஏறினால் காலையில் மதுரை. நான் ஸ்டேஷனில் நிற்பேன். சென்னைக்கே வந்து அழைத்துப் போக எனக்குத் தோதுப்படாது. இங்கே தினம் நான்கு வேளை கம்பத்தில் கடல் மட்டம் பார்த்து எழுத வேறு ஆள் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போயிருந்தேன். "புள்ள என்ன எழுதியிருக்கா?" என்று அய்யா கேட்டார்.

"நல்லாப் படிக்கிறாளாம்."

"ஒன்னைய மாதிரி ஒடம்பக் கெடுத்துக்கிறாம இருக்கச் சொல்லு" என்றார்.

அதையே நானும் சொல்கிறேன். யோசித்துக்கொண்டிருக்காதே. பெட்டியைக் கட்டு.

அண்ணன்
ராமசுப்பிரமணியன்


சென்னை
30-8-1955

அண்ணே,

நான் ஒரு கேள்வி கேட்டேன். நீங்கள் ரயில் நேரம் எழுதி அனுப்பியிருக்கிறீர்கள்.

பெட்டியைக் கட்டவில்லை. மதுரையில் எனக்காக யாரும் இடம் பிடித்து வைக்க வேண்டாம் என்று உங்கள் ஆபீஸ் நண்பருக்கு எழுதிவிடுங்கள்.

போன திங்கட்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். பேராசிரியர் கரும்பலகையில் ஒரு நிரூபணத்தின் பாதியில் "இது வெளிப்படை" என்று சொல்லி அடுத்த வரிக்குத் தாவினார். எனக்கு அது வெளிப்படையாக இல்லை. எழுந்தேன். மேசையில் எப்படிக் கை வைத்தேன் என்று நினைவில்லை. ஆங்கிலத்தில் தொடங்கி மூன்றாவது வார்த்தையில் நின்றுவிட்டேன். பின்வரிசையில் யாரோ இருமினார்கள், சிரிப்பை மறைக்கிற இருமல். உடனே தமிழில் கேட்டேன். "அந்த வரியிலேர்ந்து இந்த வரி எப்படி சார் வந்துச்சு?"

"இந்த வகுப்பில் ஆங்கிலத்தில் கேட்க வேண்டும்" என்றார்.

"ஆங்கிலத்துல கேக்க அடுத்த மாசத்துக்குள்ள கத்துக்கிறேன் சார். சந்தேகம் இன்னைக்கு வந்திருக்கு."

அவர் பலகைக்குத் திரும்பி, விட்ட இடத்தில் நான்கு வரி எழுதினார். அந்த நான்கு வரியையும் பதினாறு பேரும் குனிந்து எழுதிக்கொண்டோம். இருமியவனும் எழுதினான். அவனுக்கும் வெளிப்படையாக இருந்திருக்கவில்லை.

என் அறையில் கீழக்கரைப் பெண் ஒருத்தி இருக்கிறாள், காலிதா. ஆங்கில இலக்கியம் படிக்கிறாள். தினமும் சாயங்காலம் அன்றைய நிரூபணத்தை அவளுக்கு ஆங்கிலத்தில் சொல்லிக் காட்டுகிறேன். அவள் தலையை வாரிக்கொண்டே கேட்பாள். முதல் வாரம் பாதியிலேயே தூங்கிப் போனாள். இந்த வாரம் தூங்கவில்லை, சண்டைக்கு வருகிறாள். "இப்ப நீ சொன்ன வாக்கியத்துல யாரு யாரை வகுக்குறா, அதை முதல்ல சொல்லு" என்கிறாள்.

இப்போது உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் ஊர் திரும்பியபோது எனக்குப் பதினொரு வயது. ஆத்தா தினம் கீழாநெல்லி அரைத்து மோரில் கலந்து உங்களுக்குக் கொடுக்கும். நீங்கள் அதைக் கொல்லைப் பக்கம் கொண்டுபோய் முருங்கை மரத்தடியில் ஊற்றுவீர்கள். நான் பார்த்தேன். உங்கள் கண்ணையும் பார்த்தேன். மஞ்சளாக இல்லை, சிவப்பாக இருந்தது. யாரிடமும் சொன்னதில்லை.

எனக்கு ஆகாது என்று சொல்கிறவர், தனக்கு ஏன் ஆகவில்லை என்று முதலில் சொல்லட்டும். அது தெரியாமல் உங்கள் புத்திமதியை நான் ஏற்க முடியாது.

செவ்வந்தி


பாம்பன்
12-9-1955

செவ்வந்தி,

இந்தக் கடிதத்தை மூன்று முறை எழுதிக் கிழித்தேன். இது நான்காவது.

மஞ்சள் காமாலை இல்லை. நீ பார்த்தது சரிதான்.

1947 ஜூனில் சேர்ந்தேன். ஜூலையிலோ ஆகஸ்டிலோ ஒரு நாள் கரும்பலகையில் இருந்த சமன்பாட்டை வாசிக்கச் சொன்னார் பேராசிரியர். அதில் ஒரு கிரேக்க எழுத்து. புத்தகத்தில் பார்த்திருந்தேனே தவிர, யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அதன் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது முதலில் ஒரு 'பி' வரும். அதை உச்சரிக்கக் கூடாது, 'சை' என்று சொல்ல வேண்டும். எனக்கு அது தெரியாது. 'பிசை' என்று வாசித்தேன்.

பேராசிரியரே சிரித்துவிட்டார். அன்றிலிருந்து வகுப்பில் எனக்குப் பெயர் பிசை. விடுதிச் சாப்பாட்டு அறையில் நான் சோற்றில் கை வைத்தால் நான்கு பேர் சேர்ந்து "பிசை, பிசை" என்பார்கள். நான் வெளியே போய்ச் சாப்பிட ஆரம்பித்தேன். பிறகு பல நாள் சாப்பிடாமலே இருந்தேன். ஆகஸ்டிலிருந்து ஏப்ரல் வரைக்கும் அந்த வகுப்பில் நான் வாய் திறக்கவில்லை. கேள்வி கேட்டால் எழுந்து நிற்பேன். உட்காரச் சொல்லும் வரை நிற்பேன்.

ஆண்டுத் தேர்வு எழுதி முடித்த மறுநாள் பேராசிரியர் கூப்பிட்டார். நீ எழுதியிருக்கும் அதே ஆள்தான். "இங்க கஷ்டப்பட்டுட்டு இருக்கியேப்பா. ஊருக்குப் போய் அப்பாவுக்கு ஒத்தாசையா இருக்கலாமே" என்றார். என்னிடமும் அன்பாகத்தான் சொன்னார். அன்றைக்கே ஸ்டேஷனுக்குப் போய்விட்டேன். என் துணிப்பெட்டி மட்டும்தான் வந்தது. புத்தகங்களை விடுதியிலேயே விட்டுவிட்டேன். ஊரில் இறங்கியதும் அய்யா, "என்னலே, மொகம் இப்படி இருக்கு?" என்று கேட்டார். வாயில் வந்தது காமாலை.

அதற்குப் பிறகு நான் சென்னையில் கால் வைத்ததில்லை. இங்கே வேலை கிடைத்தபோது முதலில் கேட்டது, மாற்றல் உண்டா என்றுதான். இல்லை என்றார்கள். சேர்ந்துவிட்டேன்.

இப்போது தெரிந்ததா, ஏன் உன்னைக் கூப்பிடுகிறேன் என்று? பதினொன்று என்பது மதிப்பெண். அதைத் தேற்றிக்கொள்ளலாம். அந்த இருமல் இருக்கிறதே, அது உள்ளே போய்விடும். நீ பதில் கொடுத்ததாக எழுதியிருக்கிறாய். ஒரு தடவை கொடுக்கலாம், இரண்டு தடவை கொடுக்கலாம். மூன்று வருஷம் கொடுக்க முடியாது.

கோழை என்று என்னை நினைத்துக்கொள். பரவாயில்லை. வந்துவிடு.

அண்ணன்


சென்னை
8-10-1955

அண்ணே,

உங்கள் கடிதத்தை ஒரு வாரம் திரும்பத் திரும்பப் படித்தேன். உங்களைக் கோழை என்று நினைக்கவில்லை. அந்த நான்கு பேரையும் எங்கேயாவது பார்க்க மாட்டோமா என்று இருந்தது.

நீங்கள் சொன்னதை அப்படியே தள்ளிவிடவும் இல்லை. ஒரு காரியம் செய்தேன். இடம் மாறுவதற்கு முன் பாஸ் வகுப்பில் சில நாள் உட்கார்ந்து பார்க்கலாம் என்றார்கள். மூன்று நாள் போய் உட்கார்ந்தேன். அங்கே நடத்துகிறவர் நல்லவர். நிதானமாகச் சொல்கிறார், தமிழில் கேட்டாலும் முகம் சுளிக்காமல் பதில் சொல்கிறார். மூன்று நாளும் எனக்கு எல்லாம் புரிந்தது. யாரும் இருமவில்லை. இதுதான் என் இடம் போலிருக்கிறது என்று முதல் நாள் நினைத்தேன். விடுதிக்கு வந்ததும் காலிதா, "எங்கே இன்னைக்கு நிரூபணம்?" என்று கேட்டாள். அவளுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுமே இல்லை. இரண்டாம் நாளும் இல்லை, மூன்றாம் நாளும் இல்லை.

ஆனர்ஸ் வகுப்பில் எனக்கு அவமானமாக இருக்கிறது. ஆனால் அங்கே கேட்ட கணக்கு என்னோடு கூடவே வருகிறது. குளிக்கப் போனாலும் வருகிறது, சாப்பிடும்போதும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. அதை விட்டுவிட்டு என்னால் இருக்க முடியவில்லை. ஆகுமா ஆகாதா என்று உங்களைக் கேட்டதே தப்பு. இதை நான் அங்கேயும் இங்கேயும் உட்கார்ந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

இன்று பேராசிரியர் மாற்ற விண்ணப்பத்தை என் முன்னால் வைத்தார். நான் கையெழுத்துப் போடவில்லை.

"மூணு வருஷம் கழிச்சு என்கிட்ட வந்து அழக் கூடாது" என்றார்.

"தோத்தா தோத்ததுதான் சார். அழணும்னா ஊருக்குப் போய் அழுதுக்கிறேன். உங்ககிட்ட வர மாட்டேன்."

விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு போய்த் துறை அலுவலகத்தில் திருப்பிக் கொடுத்தேன். அங்கே இருக்கும் வயதான எழுத்தர் என் ஊரைப் பார்த்துவிட்டு, "நயினார்கோவிலா? முன்னே ஒரு பையன் அங்கேர்ந்து வந்தானே. பாதியில காணாமப் போயிட்டானே" என்றார். என் அண்ணன் என்றேன். அவர் எழுந்து பழைய அறிவிப்புக் கோப்பு ஒன்றைத் தூசி தட்டி எடுத்தார். 1948, முதலாண்டு ஆனர்ஸ் கணிதம், ஆண்டுத் தேர்வு முடிவு. நீங்கள் ஊருக்கு வந்து ஒன்பது நாள் கழித்து ஒட்டியிருக்கிறார்கள். பதினான்கு பெயர். இரண்டாவது பெயர் உங்களுடையது.

பேராசிரியர் தாளைத் திருத்தும் முன்பே உங்களைப் போகச் சொல்லியிருக்கிறார். நீங்கள் முடிவைப் பார்க்கும் முன்பே போய்விட்டீர்கள். அண்ணே, நீங்கள் தோற்கவே இல்லை. ஏழு வருஷமாக நீங்கள் உங்களுக்கே சொல்லிவரும் கதை தப்பு.

செவ்வந்தி


பாம்பன்
20-11-1955

செவ்வந்திக்கு,

கோப்பைப் பார்க்கச் சொல்லி உன்னிடம் யார் கேட்டார்கள்?

அந்த இடம் எனக்கு ஆகாது, நான் அதற்கு லாயக்கில்லாதவன் என்று நினைத்துத்தான் ஏழு வருஷமாக இங்கே இருக்கிறேன். அப்படி நினைத்ததால்தான் நிம்மதியாகச் சாப்பிட முடிந்தது, வேலை பார்க்க முடிந்தது. லாயக்கு இருந்தும் ஓடி வந்தவன் என்று இப்போது சொல்கிறாய். இதில் எனக்கு என்ன நன்மை என்று நினைத்து எழுதினாய்? சந்தோஷப்படுவேன் என்றா?

அய்யாவிடம் நீ மதுரைக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டேன். வாத்தியார் போகச் சொன்னதையும் சொல்லிவிட்டேன். மிளகாய்ச் செடிக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார்.

"வாத்தியாரு போகச் சொல்லியும் இவ போகலையா?"

"போகலை."

"அப்ப இருக்கட்டும். ஒனக்கு ஏன் மூஞ்சி தொங்குது?" என்று கேட்டுவிட்டு அடுத்த பாத்திக்கு மடை திருப்பப் போய்விட்டார்.

நீ இரு. உன் இஷ்டம். எனக்கு இனிமேல் எழுத வேண்டாம். வீட்டு நலத்தை ஆத்தா சொல்ல அஞ்சல்காரர் எழுதி அனுப்புவார்.

ராமசுப்பிரமணியன்


சென்னை
16-7-1956

அண்ணனுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். எட்டு மாதம் எழுதவில்லை. கோடை விடுமுறைக்கு வந்தபோது நீங்கள் பாம்பனை விட்டு ஊர்ப்பக்கமே வரவில்லை. அதையும் பொறுத்துக்கொண்டேன்.

முதலாண்டுத் தேர்வில் இரண்டு தாளில் தவறிவிட்டேன். வீட்டில் யாருக்கும் தெரியாது. கல்லூரித் தேர்வு என்பதால் மேலே விட்டிருக்கிறார்கள். பதினாறு பேரில் மூன்று பேர் பாஸ் கோர்ஸுக்கு மாறிப் போய்விட்டார்கள். மூன்று பேருமே என்னைவிட அதிகம் வாங்கியவர்கள். ஒருவன் போகும்போது, "நீ ஏன் இன்னும் இருக்கே?" என்று கேட்டான். கிண்டலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான். "இன்னும் முடியலையே" என்றேன்.

வந்துவிடவா என்று கேட்க இதை எழுதவில்லை. வர மாட்டேன். கோப்பு விஷயத்தில் நான் செய்தது தப்பு என்று இப்போது தெரிகிறது. நான் ஜெயித்த மாதிரி எழுதியிருந்தேன். அது உங்களுடையது, உங்களைக் கேட்டுக்கொண்டு எடுத்திருக்க வேண்டும்.

கூடவே ஒரு தாள் வைத்திருக்கிறேன். வகைக்கெழுச் சமன்பாட்டுக் கணக்கு. இரண்டு தொட்டிகள், நடுவில் ஒரு குறுகலான குழாய், இரண்டிலும் நீர் மட்டம் ஏறி இறங்குகிறது, வெவ்வேறு நேரத்தில். குழாயில் நீர் எந்தப் பக்கம், எவ்வளவு வேகத்தில் ஓடும்? பத்து நாளாக என்னை விடமாட்டேன் என்கிறது. இங்கே யாரைக் கேட்டாலும் விடையைத்தான் சொல்கிறார்கள், வழியைச் சொல்லவில்லை.

உங்களுக்கு இஷ்டமில்லையென்றால் தாளைக் கிழித்துப் போட்டுவிடுங்கள். பதில் எழுத வேண்டியதில்லை.

செவ்வந்தி


பாம்பன்
29-7-1956

செவ்வந்தி,

கடிதம் எழுதாதே என்றேன். கணக்கைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

பதினோரு தாள் அனுப்பியிருக்கிறேன். ஆபீஸில் வீணான படிவங்களின் முதுகில் எழுதியது. ஆறாவது தாளில் ஒரு தப்பு இருக்கிறது, பிறகுதான் கண்டுபிடித்தேன். அடிக்காமல் விட்டிருக்கிறேன், நீயும் அதே இடத்தில் வழுக்குவாய், பார்த்துக்கொள்ளலாம்.

உன் இரண்டு தொட்டியும் குழாயும் என்னவென்று உனக்குத் தெரிந்ததா? நான் உட்கார்ந்திருக்கும் இடம்தான். பாலத்துக்கு வடக்கே ஒரு கடல், தெற்கே ஒரு கடல். இரண்டும் ஒரே நேரத்தில் ஏறுவதில்லை. இதற்கு இடையில்தான் பாம்பன் கால்வாய். வடக்கே மட்டம் கூடினால் தண்ணீர் தெற்கே இழுக்கும், தெற்கே கூடினால் வடக்கே இழுக்கும். நடுவில் கொஞ்ச நேரம் அசையாமல் நிற்கும். கப்பலும் தோணியும் அந்த நேரம் பார்த்துத்தான் பாலத்தைக் கடக்க வேண்டும்.

இங்கே சதக் என்று ஒருவர், கப்பல்களுக்கு வழி காட்டிக் கால்வாயைத் தாண்டவிடுகிறவர். இரண்டு வருஷமாக என்னிடம் வந்து, "எழுத்தரே, இன்னைக்குத் தண்ணி எப்ப நிக்கும்?" என்று கேட்பார். கம்பத்தில் எழுதிய பழைய மட்டங்களை வைத்துக் குத்துமதிப்பாகச் சொல்லிவந்தேன். அதற்கு இப்படி ஒரு சமன்பாடு உண்டென்று எனக்குத் தெரியாது. என் காலத்தில் அது இரண்டாம் வருஷப் பாடம்.

உன் தாள் வந்த அன்று துறைமுக மேடையில் உட்கார்ந்து போட ஆரம்பித்தேன். பாலம் திறந்து ஒரு கப்பல் போனதாம், நான் கவனிக்கவில்லை. மதியச் சாப்பாடு தூக்குச்சட்டியில் அப்படியே இருந்தது. இந்தத் தடவை சாப்பிடாததற்குக் காரணம் வேறு.

கோப்பு விஷயத்தை விடு. நான் எழுதியதும் அதிகம்தான்.

இரண்டு தாளில் தவறியதை அய்யாவிடம் சொல்ல மாட்டேன். அடுத்த கணக்கை அனுப்பு.

அண்ணன்


சென்னை
11-6-1958

அன்புள்ள அண்ணனுக்கு,

தந்தி கொடுக்கலாம் என்று அஞ்சலகம் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தேன். தந்தியில் சொல்ல முடியாது.

பல்கலைக்கழக முடிவு நேற்று வந்தது. மூன்றாம் வகுப்பில் தேறியிருக்கிறேன். பதினாறு பேர் சேர்ந்தோம். பதினோரு பேர் தேர்வு எழுதினோம். எட்டுப் பேர் தேறியிருக்கிறோம். எட்டாவது பெயர் என்னுடையது. எனக்கு முன்னால் இருக்கிறவளுக்கும் எனக்கும் நடுவே நிறைய இடைவெளி. எனக்குப் பின்னால் யாரும் இல்லை.

பேராசிரியரைப் பார்க்கப் போனேன். இந்த வருஷத்தோடு ஓய்வு பெறுகிறார். "முதல் வகுப்பு வாங்கியிருந்தா நான் சொன்னது தப்புன்னு ஒத்துக்குவேன்" என்றார். "மூணாம் வகுப்புக்கே ஒத்துக்கலாம் சார்" என்றேன். ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். மூன்று வருஷத்தில் அந்த அறையில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

இது எனக்கான இடமா என்று இப்போது யாராவது கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன். பாஸ் வகுப்பில் இருந்திருந்தால் முதல் வகுப்பு வாங்கியிருப்பேன், உடம்பும் தேறியிருக்கும், பல நாள் அழாமல் இருந்திருப்பேன். இருந்தாலும் இன்னொரு தடவை அந்த விண்ணப்பத்தை முன்னால் வைத்தாலும் கையெழுத்துப் போட மாட்டேன். எனக்குக் கிடைத்த கணக்குகள் வேறெங்கேயும் கிடைத்திருக்காது. அதற்கு அவர்கள் கேட்ட விலை அநியாயம். அதை அநியாயம் என்று சொல்லிக்கொண்டேதான் படித்தேன்.

திருச்சியில் ஒரு பெண்கள் கல்லூரியில் விரிவுரையாளர் வேலைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். ஜூலையில் சேர வேண்டும்.

அடுத்தது முக்கியமான விஷயம். இரண்டு வருஷமாக நீங்கள் போட்டு அனுப்பிய கணக்குத் தாள்களைக் கொஞ்ச நாளுக்கு முன் இளைய பேராசிரியர் ஒருவரிடம் காட்டினேன். அடுத்த வருஷம் அவர்தான் துறைக்குத் தலைமை. இரண்டு நாள் வைத்திருந்து படித்தார். சிறப்பு அனுமதி வாங்கி உங்களை மறுபடி சேர்த்துக்கொள்ள முடியும் என்கிறார். உங்களுக்கு இருபத்தொன்பது வயதுதான். விண்ணப்பத்தை வாங்கி இதில் வைத்திருக்கிறேன். உங்கள் பெயரையும் ஊரையும் நானே நிரப்பிவிட்டேன். கையெழுத்து மட்டும் போட வேண்டும். ஜூன் முப்பதுக்குள் வந்து சேர வேண்டும். மறுக்காதீர்கள். அந்த வகுப்பில் உங்களுக்கு இருந்த இடத்தை அவர்கள் திருப்பித் தர வேண்டும். வாங்கிக்கொள்ளுங்கள்.

செவ்வந்தி


பாம்பன்
17-6-1958

அன்புள்ள செவ்வந்திக்கு,

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு நேராக நயினார்கோவிலுக்குப் போனேன். அய்யாவுக்கும் ஆத்தாவுக்கும் வாசித்துக் காட்டினேன். "எட்டுப் பேருல எட்டாவதா?" என்று கேட்டார் அய்யா. ஆமாம் என்றேன். "மிச்ச எட்டுப் பேரு எங்கிட்டுப் போனாங்க?" என்று கேட்டார். அதற்கு மேல் அவருக்கு ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஆத்தா தெரு முழுக்கச் சொல்லிவிட்டது.

விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கையெழுத்துப் போடவில்லை.

அவசரப்பட்டு எழுதவில்லை. நான்கு நாள் அதை மேசையிலேயே வைத்துப் பார்த்தேன். சதக்கிடம்கூடச் சொன்னேன். "பட்டணத்துக்குப் போயிட்டா எழுத்தரே, திரும்பி வருவியளா?" என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். அவர் முகம் விழுந்துவிட்டது. ஆனால் அவருக்காக இந்த முடிவை எடுக்கவில்லை.

அன்றைக்குப் பயந்து ஓடி வந்தேன். அந்த இடம் எனக்கு ஆகாது என்று ஒருவர் சொன்னார், நம்பினேன். இப்போது நீ ஆகும் என்கிறாய். நீ சொல்கிறாய் என்பதற்காக நம்பிப் போனால் அதுவும் அதே மாதிரிதான். ஆகவே நானே யோசித்தேன். அந்த வகுப்பில் போய் உட்கார்ந்தால் எனக்குப் பயம் வருமா என்று பார்த்தேன். வராது. அவர்களைவிட நன்றாகப் போடுவேனா என்று பார்த்தேன். சில கணக்கைப் போடுவேன். இரண்டும் தெரிந்த பிறகும் போக வேண்டும் என்று தோன்றவில்லை.

எனக்கு வேண்டிய கணக்கு இங்கே இருக்கிறது. பத்து வருஷத்து மட்டங்கள் என் கையில் இருக்கின்றன. வடக்குப் பக்கம் ஒரு கம்பம்தான் இருந்தது. போன மாதம் மேலதிகாரிக்கு எழுதித் தெற்குப் பக்கமும் ஒன்று நட்டிருக்கிறேன். அமாவாசைக்கு என் கணக்கு முக்கால் மணி நேரம் தப்பிப் போகிறது. ஏன் என்று தெரியவில்லை. அது தெரியாமல் நான் எங்கேயும் வருவதாக இல்லை. உங்கள் தலைமைப் பேராசிரியருக்கு என் வணக்கத்தைச் சொல். தாள்களைப் படித்ததற்கு நன்றி சொல். அவருக்கு விருப்பம் இருந்தால் முக்கால் மணி நேரத்துக்கு ஒரு காரணம் சொல்லி எழுதட்டும்.

உனக்குக் கோபம் வரும். வரட்டும். நீ கையெழுத்துப் போட மறுத்தபோது எனக்கும் வந்தது.

பட்டமளிப்பு என்றைக்கு என்று எழுது. லீவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். அய்யாவையும் ஆத்தாவையும் அழைத்துக்கொண்டு நானே சென்னைக்கு வருகிறேன்.

மணி நான்கு ஆகப் போகிறது. இன்றைக்கு அமாவாசை. தெற்குக் கம்பத்தில் தண்ணீர் ஏற ஆரம்பித்திருக்கும், போய்ப் பார்க்க வேண்டும்.

அண்ணன்
ராமசுப்பிரமணியன்